பிடியே பார்வையாக

பார்வை இழந்து எங்களிடம் வரும் ஓசூர் ஆலைத் தொழிலாளரின் குடும்பத்தார், ‘இனி இவரைத் தனியே நடக்க விடலாமா?’ என்றே முதலில் வினவுகின்றனர். அவர்களுக்கு நாங்கள் ஜூடோவைப் பற்றிக் கூறுவதுண்டு.

பார்வையற்றோர் ஜூடோவில் ஒருவர் உடையை மற்றவர் பற்றிய பின்னரே ஆட்டம் தொடங்கும். எதிராளியின் எடை எக்காலில் சாய்கிறது என்பதைச் சட்டைக்கையின் இழுவையே உணர்த்திவிடும். தசை, மூட்டுகளின் நிலையுணர்வும் உட்செவியும் செய்யும் வேலை இது. சிறுவயதில் மின்சாரம் தாக்கிப் பின்னர் பார்வை குன்றிய கபில் பர்மார், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது.

பதக்கத்தைவிட நாங்கள் மதிப்பது அக்கலையின் தொடக்கப் பாடத்தை: தாடையை மார்போடு ஒட்டி, தலை தரையில் மோதாமல் விழப் பழகுதல். விழித்திரையில் இரத்தக்கசிவோ அண்மையில் கண் அறுவையோ உடையவர்கள் மருத்துவர் அனுமதியின்றித் தொடங்கலாகாது. வீட்டில், அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவரே பற்றிக்கொள்ளட்டும்.