விளக்கேற்றுகிறவள் எழுதுவது

புனே

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. தினமும் விளக்கேற்றி, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகும் அத்தை, கடவுளை நம்பாத நரேந்திர தபோல்கரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறாள் என்று கேட்டிருந்தாய். கடைசிப் பக்கத்தில், பக்கத்து வீட்டுப் பெண் இரவில் எழுந்து அழுகிறாள், தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள், அவளைப் பேய் ஓட்ட அழைத்துப் போகப் பேச்சு நடக்கிறது என்றும் எழுதியிருந்தாய். எனக்கு இவை இரண்டும் ஒரே விஷயம்தான்.

தபோல்கர் சாதாராவில் பிறந்தவர், படிப்பால் மருத்துவர். கபடி ஆட்டத்தில் பெயர் வாங்கியவர். மருத்துவத் தொழிலை விட்டுவிட்டுப் பொதுவாழ்வுக்கு வந்தவர், சமூகப் போராளி பாபா ஆடாவுடன் சேர்ந்து 'ஒரு கிராமத்துக்கு ஒரு கிணறு' இயக்கத்தில் இருந்தார். சாதிக்கொரு கிணறு கூடாது என்பதே அதன் கோரிக்கை. 1989இல் மகாராஷ்டிர அந்தசிரத்தா நிர்மூலன் சமிதியைத் தொடங்கினார். மூடநம்பிக்கை ஒழிப்புக் குழு என்று நாம் சொல்லலாம். சானே குருஜி தொடங்கிய 'சாதனா' வார இதழுக்கும் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். அதன் அலுவலகம் இங்கே சனிவார் பேட்டையில் இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 20 அன்று காலை நடைப்பயிற்சிக்குப் போனவரை ஓங்காரேஷ்வர் கோயிலருகே பாலத்தின் மேல் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 67.

அந்தப் பாலத்துக்கு மகரிஷி விட்டல் ராம்ஜி ஷிண்டேயின் பெயர். அவர் பிரார்த்தனை சமாஜத்தின் பிரசாரகர், ஆக்ஸ்போர்டில் சமயங்களை ஒப்பிட்டுப் படித்தவர், தெய்வ நம்பிக்கையில் ஊறியவர். தாழ்த்தப்பட்ட மக்களின் கல்விக்காகவும் உரிமைக்காகவும் 1906இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, வாழ்நாளை அதற்கே கொடுத்தார். பக்தியால் அந்த வேலைக்கு வந்தவர் ஷிண்டே. பகுத்தறிவால் ஏறக்குறைய அதே வேலைக்கு வந்தவர் தபோல்கர். ஷிண்டே உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கொலையைக் கண்டு யாரைவிடவும் அதிகமாகத் துடித்திருப்பார் என்பது என் எண்ணம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தபோல்கர் யாருடைய பூஜையறைக்குள்ளும் நுழையவில்லை. அவர் கேட்டது பேய், மந்திரம் என்ற பெயரால் நடக்கும் கொடுமைகளைத் தடுக்க ஒரு சட்டம். அதன் மசோதா ஆண்டுக்கணக்கில் சட்டமன்றத்துக்கு வந்து வந்து நின்றது. இது வந்தால் பண்டரிபுரத்துக்குப் போகும் வாரி யாத்திரை நிற்கும், வீட்டில் சத்யநாராயண பூஜைகூடச் செய்ய முடியாது என்று ஊர் ஊராகப் பயமுறுத்தினார்கள். அவர் இறந்த சில நாட்களிலேயே அவசரச் சட்டம் வந்தது, டிசம்பரில் முழுச் சட்டமானது. அதை நான் பொறுமையாகப் படித்திருக்கிறேன். எவையெல்லாம் குற்றம் என்று ஓர் அட்டவணை இருக்கிறது: நரபலி, பேய் ஓட்டுவதாகச் சொல்லிக் கட்டி வைத்து அடிப்பது, பாம்போ நாயோ கடித்தவரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்து மந்திரிப்பது, விரலாலேயே அறுவை சிகிச்சை செய்வதாகச் சொல்வது, கருவிலிருக்கும் குழந்தையை ஆணாக மாற்றுவதாகச் சொல்வது. தண்டனை ஆறு மாதத்திலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை. கோயிலிலும் தர்காவிலும் தேவாலயத்திலும் வீட்டிலும் செய்யும் வழிபாடு, யாத்திரை, பிரதட்சணம், பஜனை, ஹரிகீர்த்தனம் எதுவும் இதில் அடங்காது என்று அதே சட்டத்தில் தனிப்பிரிவே இருக்கிறது. நான் ஏற்றும் விளக்குக்கு இதில் என்ன ஆபத்து? என் தெய்வத்தின் பெயரால் ஒரு பெண்ணை அடிக்கக் கூடாது என்று சட்டம் சொன்னால், என் தெய்வத்தின் மானத்தையும் சேர்த்தல்லவா அது காப்பாற்றுகிறது?

தபோல்கர் கொலை வழக்கு பத்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. 2024 மே 10 அன்று புனே நீதிமன்றம் சுட்டவர்கள் இருவருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்து, மற்ற மூவரை விடுவித்தது. கேள்வி கேட்ட ஒரு மனிதருக்கு இவ்வளவு தாமதமாக வந்த தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கேள்வி கேட்பவரைத் துன்புறுத்துவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1848இல் பிடே வாடாவில் பெண்குழந்தைகளுக்குப் பாடம் சொல்லப் போன சாவித்ரிபாய் பூலேயின் மேல் சாணியை எறிந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் மாற்றிக்கொள்ள அவர் இன்னொரு புடவையைக் கையோடு கொண்டுபோனார். 1897இல் பிளேக் வந்தபோது, நோய் கண்ட சிறுவனை மகனின் மருத்துவமனைக்குத் தூக்கிப் போய், தானும் அந்த நோய்க்கே பலியானவரும் அவர்தான். 'சுதாரக்' (சீர்திருத்தக்காரர்) என்ற இதழ் நடத்திய கோபால் கணேஷ் ஆகர்கருக்கு, உயிரோடு இருக்கும்போதே பாடை கட்டி ஊர்வலம் விட்டார்கள். நாற்பது வயதைத் தொடாமல் 1895இல் இறந்த அவர், அப்போது ஃபெர்குசன் கல்லூரியின் முதல்வர். இவர்களைத் துன்புறுத்தியவர்கள் எல்லோரும் தர்மத்தைக் காப்பதாகவே நம்பினார்கள். அதை மறக்காதே. தான் தர்மத்தின் பக்கம் நிற்பதாக ஒருவர் நிச்சயமாக நம்பும்போதுதான் அவர் கையில் யார் அகப்படுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை தெருவுக்கு வரும்போது அது எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். இங்கே ஆண்டுதோறும் ஞானேஸ்வரரின் பல்லக்கு ஆளந்தியிலிருந்தும், துக்காராமின் பல்லக்கு தேஹுவிலிருந்தும் வந்து தங்கும். நானா பேட்டையிலும் பவானி பேட்டையிலும் பல்லக்கோடு நடந்து வரும் முன்பின் தெரியாத வார்கரிகளுக்குச் சோறு போட்டுக் கால் பிடித்துவிடுவார்கள். அதே ஊரில் பிள்ளையார் கரைப்பு ஊர்வலம் ஒரு நாளைத் தாண்டியும் நீளும். 1893இல் திலகர் பொதுவிழாவாக்கிய பண்டிகை அது, எனக்கு மிகப் பிடித்ததும்கூட. ஆனால் சுவர்போல அடுக்கிய ஒலிபெருக்கிகள் மருத்துவமனை வாசலைத் தாண்டும்போது உள்ளே படுத்திருப்பவரை யார் நினைக்கிறார்கள்? மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதியே சொல்கிறது. பக்தர்கள் முதலில் தாங்களாகவே அந்த அமைதியைக் கேட்க வேண்டும். காவல்துறை வந்து சொல்லும்வரை காத்திருப்பது நமக்கு அழகில்லை. சிலைகளை ஆற்றில் கரைக்காமல் தனித் தொட்டியில் கரைக்கவும், நிர்மால்யத்தைத் தனியே சேகரிக்கவும் தபோல்கரின் ஆட்கள் கரையில் நின்று கேட்டபோது, அவர்களைப் பிள்ளையாரின் எதிரிகள் என்றார்கள். ஆற்றை அசுத்தம் செய்யாதே என்று சொன்னவர் எப்படிப் பிள்ளையாருக்கு எதிரியாவார்?

இனி உன் பக்கத்து வீட்டுப் பெண். இதற்கு நீ புனே வரை வர வேண்டாம், ராமநாதபுரம் போதும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் இல்லை. ஏர்வாடி தர்காவில் குணமாகும் என்று நம்பிய அம்மாக்களும் அண்ணன்களும்தான். அந்த நம்பிக்கையை வைத்துக் காசு பார்த்தவர்கள் சங்கிலி போட்டார்கள், மற்ற எல்லோரும் பேசாமல் இருந்தோம். அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது, அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. குஜராத்தில் உனாவா ஊர் மீரா தாதார் தர்காவில் பிறகு ஒரு நல்ல வழி கண்டார்கள்: பிரார்த்தனைக்கு வருகிறவர்களை அங்கேயே மனநல மருத்துவரும் பார்க்கிறார். தர்காவைப் பார்த்துக்கொள்ளும் முஜாவர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பி வைக்கிறார்கள். ஓதுவதும் நடக்கிறது, மாத்திரையும் கிடைக்கிறது.

அதனால் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேய் இருக்கிறதா இல்லையா என்று வாதாடாதே. "உங்களுக்கு அறிவில்லையா" என்ற தொனி குரலில் வந்துவிட்டால் கதவை மூடிக்கொள்வார். அவர் வேண்டுதலுக்குப் போகட்டும், நீயும் கூடப் போ. அதே வாரத்தில் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் அவரோடு நீயே போ, சீட்டு வாங்கிக்கொடு, வரிசையில் நில். அதற்கு முன் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம். யாராவது கட்டி வைக்கவோ அடிக்கவோ முனைந்தால் மட்டும் பணிந்து போகாதே. உன் அப்பாவையும் தெருவில் இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு உள்ளே போ, காவல் நிலையத்துக்கும் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுகிறேன். மருத்துவர் என்ன சொன்னார், அவள் சாப்பிடுகிறாளா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை