கோழிக்கூட்டுச் செள்ளும் அதை ஒழிக்கும் வழியும்



நம் சங்க மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று தருக என்று ஆசிரியர் கேட்டபோது, அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று எண்ணியிருக்கக் கூடும். நான் எடுத்துக் கொண்ட பொருளோ கோழிக்கூட்டில் வாழும் செள்ளு. இது சிறு பொருள் என்று தள்ளிவிட வேண்டா. கொல்லையில் பத்துக் கோழி வளர்த்து, அந்த முட்டைக் காசில் பிள்ளையின் புத்தகச் செலவைத் தாங்கும் தாய்மார் நம்மில் பலருக்கும் உண்டு. என் தாயாரும் அவர்களுள் ஒருவர். விலங்கியலில் எம்.எஸ்ஸி. படிக்கும் நான், அவருடைய கோழிகளின் விஷயத்தில் செய்த பிழையையும் அதனால் கற்ற பாடத்தையும் இங்கே கூறுகிறேன்.

நான் செய்த பிழை

எங்கள் குடும்பம் பிழைப்பை நாடிக் கரக்பூரில் குடியேறியது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் பூஜை விடுமுறைக்கு நான் அங்கே சென்றிருந்தேன். சென்றதும் தாயார் சொன்ன முதற் செய்தி கோழிகளைப் பற்றியது. "தம்பி, பத்து நாளா கோழி கூட்டுக்குள்ளே அடைய மாட்டேங்குது. சாயங்காலமானா கொய்யா மரத்து மேலே ஏறிக்குது. முட்டையும் கொறைஞ்சு போச்சு. செள்ளு விழுந்திருக்குமோ, பாரேன்" என்றார். பதினான்கு கோழிகளில் நாள்தோறும் ஏழெட்டு முட்டை கிடைத்துவந்த இடத்தில் இரண்டோ மூன்றோ கிடைத்தன. மரத்தில் அடைந்த கோழிகளில் இரண்டைக் கீரி கொண்டுபோயிருந்தது.

நண்பகலில் மூன்று கோழிகளைப் பிடித்து, இறகுகளை விலக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சில பேன்கள் தென்பட்டனவே அன்றிச் செள்ளு ஒன்றும் இல்லை. "செள்ளெல்லாம் கிடையாது அம்மா, தீனிதான் போதவில்லை" என்று தீர்ப்புக் கூறினேன். தாயாரும் படித்த பிள்ளையின் சொல்லை நம்பிவிட்டார்.

கூட்டுக்குள் அப்போது ஒரு கோழி மட்டும் பதினொரு முட்டைகளை வைத்து அடைகாத்துக் கொண்டிருந்தது. மற்றவை வெளியே ஓடிவிட, முட்டைகளை விட்டுப் பிரிய மனமின்றி அது அங்கேயே இருந்தது. நான்காம் நாள் காலை அது உட்கார்ந்த நிலையிலேயே இறந்து கிடந்தது. செக்கச் சிவந்திருந்த கொண்டை வெளுத்துப் போயிருந்தது. முட்டைகள் குளிர்ந்துவிட்டன. தாயார் என்னை ஒரு சொல்லும் கூறவில்லை. பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டிதான், "பகலில் பார்த்தால் என்ன தெரியும்? இராத்திரி கூட்டுக்குள் கையை விட்டுப் பார்" என்றார்.

அன்றிரவு பத்து மணிக்கு டார்ச் விளக்குடன் சென்றேன். கோழிகள் அடையும் மரக்கம்பின் அடிப்புறத்தில் கைவிரலைத் தேய்த்தேன். விரல் குருதிக் கறையாயிற்று. விளக்கொளியில் பார்த்தால், கம்பு சுவரில் செருகியிருந்த இடுக்கிலிருந்து சிவந்த புள்ளிகள் கூட்டங்கூட்டமாக ஊர்ந்துகொண்டிருந்தன. சிறிது நேரத்தில் என் கையிலும் அரிப்பெடுத்தது.

செள்ளு என்பது யாது?

செள்ளு பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்கு ஆறு கால். வளர்ந்த செள்ளுக்கு எட்டுக் கால். சிலந்தியும் தேளும் சேர்ந்த வகுப்பைச் சார்ந்தது அது. பாட நூல்கள் சிற்றுண்ணி என்று வழங்கும். நான் கண்ட சிவப்புச் செள்ளின் அறிவியற் பெயர் டெர்மனிசஸ் காலினே. தோலைக் குத்துவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொற்களும், கோழியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் சேர்ந்து அமைந்தது அப்பெயர். சுவீடன் நாட்டு அறிஞர் டி கீர், 1778-இல் இதனை விவரித்தார். இதன் நீளம் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர், வயிறு நிறையக் குருதி குடித்தபின் 1 மில்லிமீட்டர். பசித்திருக்கும்போது சாம்பல் வெண்மை, குடித்தபின் சிவப்பு.

இதன் வாழ்க்கை முறையில்தான் என் பிழைக்குக் காரணம் இருக்கிறது. பேன் இரவும் பகலும் கோழியின் உடலிலேயே வாழும். செள்ளோ கோழியின் மீது குடியிருப்பதில்லை. கூட்டின் இடுக்குகளில் குடியிருக்கிறது. இருட்டியபின் வெளிவந்து, கோழியின் மேல் ஏறி, அரைமணி அல்லது ஒருமணி நேரம் குருதி குடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பிவிடும். ஆகவே பகலில் கோழியைப் பரிசோதித்தவன், திருடன் வந்துபோன வீட்டில் மறுநாள் நண்பகலில் திருடனைத் தேடியவனுக்கு ஒப்பாவான். கோழிகள் கூட்டுக்குள் செல்ல மறுத்ததே போதிய சான்று. அதை நான் சான்றாகக் கொள்ளவில்லை.

இன்னொன்றும் அறியத்தக்கது. பெண் செள்ளு குருதி குடித்தபின் இடுக்கில் ஒரு தடவைக்கு 4 முதல் 8 முட்டை வரை இடும். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரியும். வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த செள்ளாவதற்கு ஏறக்குறைய 7 நாள் போதும். குளிர்ச்சியான இடத்திலோ, குருதியே கிடைக்காமல் பல மாதங்கள் உயிர் தாங்கும். எனவே ஒரு மாதம் கூட்டைக் காலியாகப் போட்டால் செள்ளு பட்டினியால் மடியும் என்று நம்புவது வீண்.

ஒழித்த முறை

மறுநாள் காலை கோழிகளை மூங்கிற் கூடைகளில் கவிழ்த்துத் தூரத்தில் வைத்தோம். கூட்டிலிருந்த வைக்கோல் முழுவதையும் வெளியே கொணர்ந்து எரித்தோம். கம்புகளையும் பலகைகளையும் கழற்றி, கொதிக்கக் கொதிக்க நீரை இடுக்கு இடுக்காக ஊற்றி, வெயிலில் காயவைத்தோம். சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்து, உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடித்தோம். பின்னர், கம்பு சுவரைத் தொடாதவாறு நான்கு கால்களின் மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலையும் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றிய தகரக் குவளையில் வைத்தோம். எறும்புக்கு அஞ்சி அலமாரிக் கால்களை நீரில் வைப்பதில்லையா, அதே முறைதான். கோழிகள் வாய் வைக்காதபடி குவளைகளை ஓட்டினால் மூடினோம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் செய்த உழைப்பு வீணாகியிருக்கும். தப்பிய முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடத் தொடங்குமுன் மறுபடியும் தாக்க வேண்டும். ஆறாம் நாள் கொதிநீர் வேலையை மீண்டும் செய்தோம். பன்னிரண்டாம் நாள் மூன்றாம் முறை. பலரும் ஒரே தடவையோடு விட்டுவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்று சோர்வது இது அறியாமையால்தான்.

பலித்ததா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. சரக்குப் பெட்டி அட்டையில் உள்ளே அலை அலையாக மடிப்பு இருக்கும். அதில் ஒரு துண்டை மாலையில் கம்பின் அடியில் கட்டி வைத்து, இரண்டு நாள் கழித்து வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். எங்கள் முதல் அட்டையில் எண்ண முடியாத அளவுக்குச் செள்ளு இருந்தது. மூன்றாம் முறைக்குப்பின் இரண்டே கண்டேன். பார்த்தபின் அட்டையை எரித்துவிட வேண்டும்.

நஞ்சைப் பற்றி

வயலுக்குத் தெளிக்கும் பூச்சி மருந்து ஒரு புட்டி வீட்டில் இருந்தது. அதைக் கூட்டில் அடித்தால் என்ன என்று தாயார் கேட்டார். கூடாது என்றேன், இம்முறை காரணத்தோடு சொன்னேன். கோழியின் உடலிற் சேரும் நஞ்சு முட்டைக்கும் வரும். 2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் பண்ணைகளில் செள்ளை ஒழிக்கத் தெளித்த மருந்தில் பிப்ரோனில் என்ற நஞ்சு கலந்திருந்தது வெளிப்பட்டது. உணவுக்காக வளர்க்கும் கோழிகளிடத்துப் பயன்படுத்தக் கூடாதது அது. பல இலட்சம் முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. முன்னாளில் டி.டி.டி., பி.எச்.சி. பொடிகளைக் கூட்டில் தூவும் வழக்கம் உண்டு. நம் நாட்டில் டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவது 1989-இலும், பி.எச்.சி. 1997-இலும் தடுக்கப்பட்டன. மருந்து தேவையானால் கால்நடை மருத்துவரைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில், முட்டையை எத்தனை நாள் உண்ணலாகாது என்பதையும் கேட்டறிந்து பயன்படுத்துவதே முறை.

வேறு இரண்டு வகைச் செள்ளுகளையும் பிரித்தறிய வேண்டும். ஆர்னித்தோனிசஸ் என்னும் வகை பகலிலும் கோழியின் உடலிலேயே இருக்கும். எச்சவாயைச் சுற்றிய இறகுகள் அழுக்கேறிக் கறுத்திருக்கும். அங்கே கூட்டைத் துப்புரவு செய்தால் மட்டும் போதாது. கோழிக்கும் மருந்து வேண்டும். மற்றொரு வகை காற்செதில்களின் கீழே துளைத்து வாழ்வது; செதில்கள் தடித்துத் தூக்கி நிற்கும். வெந்நீரில் காலை ஊறவைத்துத் தேய்த்து, வாசலைனோ எண்ணெயோ பலமுறை தடவினால் குணமாகும். மண்ணெண்ணெய் தடவுவது தோலைப் புண்ணாக்கும். கோழிகள் புரண்டு குளிக்க உலர்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்த குழி ஒன்று எப்போதும் இருத்தல் நன்று. புதிதாக வாங்கும் கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். குருவி, புறா முதலியன கூட்டருகே கூடு கட்டாமல் பார்த்துக்கொள்க. அவையும் செள்ளைக் கொணரும்.

முடிவுரை

நவம்பர் மாதம் தாயார் தொலைபேசியில், கோழிகள் தாமாகவே கூட்டில் அடைகின்றன என்றும், நாளுக்கு ஐந்து முட்டை கிடைக்கிறதென்றும் சொன்னார். இறந்த கோழியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

செள்ளின் வாழ்க்கை வரலாற்றை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன். இரவில் உண்ணும் உயிரி என்பது எனக்குத் தெரியாததன்று. ஆயினும் பகலில் தேடினேன். நம் வீட்டார் நம்மிடம் ஒன்றைக் கேட்கும்போது, விடை கூறுமுன் அவர்கள் கண்டதை முழுதும் கேட்போமாக. பின்னர் உரிய நேரத்தில், உரிய இடத்தில் சென்று பார்ப்போமாக. அடுத்த விடுமுறையில் வீட்டிற்குச் செல்லும் நண்பர்கள், கொல்லையில் கோழிக்கூடு இருப்பின், ஓர் இரவு விளக்கெடுத்துச் சென்று கம்பின் அடிப்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டுகிறேன்.