ஒரு பலகை, பல வாசல்கள்

வரிப்பத்தான்சேனை வயல்களில் ஒரே வாய்க்காலில் பலர் நீர் பாய்ச்சும்போது முறை வைக்காவிட்டால் என்ன நேரும் என்பதை நாம் அறிவோம். கணனியிலும் அப்படித்தான்.

1978 பெப்ரவரியில் சிக்காகோவில் வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இருவர் முதலாவது கணனி அறிவித்தற் பலகையைத் திறந்தனர். தொலைபேசி வழியாகச் செய்திகளை வாசிக்கலாம், எழுதியும் வைக்கலாம். இணைப்பு ஒன்றே. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். பின்னர் வந்த பலகைகளில் பல இணைப்புகள் அமைந்தன. ஒவ்வொன்றும் ஒரு 'நோட்', அதாவது ஒரு வாசல்.

வாசல் அமைத்த முறை:

1. ஒவ்வொரு வாசலுக்கும் தனித் தொலைபேசி இணைப்பு, தனி மொடம், தனி இலக்கம்.

2. டொஸ் கணனிகளில் கொம் 1, கொம் 3 துறைகள் வழமையாக ஒரே குறுக்கீட்டு இலக்கத்தைப் பாவித்தன. இரண்டிலும் மொடம் பூட்டினால் மோதும். ஆகவே கொம் 1, கொம் 2 எனத் தெரிந்தனர்.

3. தற்காலிகக் கோப்புகளுக்கு வாசலுக்கொரு தனி உறை.

4. செய்திக் கோப்பும் பெயர்ப் பதிவேடும் பொது. ஒருவர் எழுதுகையில் மற்றவர் எழுதாதபடி பூட்டு வேண்டும். அதற்கு 'ஷெயார்' என்னும் நிரலை ஏற்றிவைத்தனர்.

நான்காவதை மறந்தால்? இருவர் ஒரே வேளையில் பெயர் சேர்ப்பார்கள். பிந்தி எழுதியது நிற்கும், முந்தியது அழிந்துபோகலாம். அழிந்தவருக்கு அது தெரியவும் வராது.

இடம்பெயர்ந்த எமக்கு இது சிறு விடயமல்ல. விதைநெல்லுக்கோ காணிக்கோ பெயர் கொடுக்கும்போது, பதிந்ததைத் திரும்ப வாசிக்கக் கேட்போம். பதிவு இலக்கத்தை எழுதி வாங்குவோம்.

கலந்துரையாட: எமது பெயர்கள் எத்தனை பதிவேடுகளில் உள்ளன? எவற்றைச் சரிபார்த்தோம்?