ஷெல்ஃபைத் தேய்ப்பவருக்கே சம்பள உயர்வு

கண்ணாடி உலைகளுக்கான, சூடு தாங்கும் ரிஃப்ராக்டரி கற்களை வார்க்கும் எஸ்இபிஆர் ஆலை, வாளையார் தாண்டி கஞ்சிக்கோட்டில் இருக்கிறது. அந்த கேட்டில் பயோடேட்டாவோடு நிற்பவர்கள் ஏராளம். கண்ணாடித் துண்டுகளைச் சூளையில் உருக்கி ஒட்டவைக்கும் கிளாஸ் ஃப்யூசிங் ஸ்டுடியோ பக்கம் போட்டி குறைவு. மூணாறு, தேக்கடி ரிசார்ட்டுகளுக்குக் கண்ணாடித் தட்டும் நேம்போர்டும் விற்கும் ஸ்டுடியோவில் சேரலாம் என்று கணக்குப் போடுகிறவரா நீங்கள்? முதலில் கில்ன் ஷெல்ஃபை, அதாவது சூளைக்குள் கண்ணாடியைத் தாங்கும் பலகையைப் பழகுங்கள். இன்டர்வியூவில் டிசைன் போட்டோவை எல்லாரும்தான் நீட்டுவார்கள்.

1. சுரண்டுங்கள். கண்ணாடி ஒட்டாமலிருக்க ஷெல்ஃபில் பூசும் கில்ன் வாஷ், அலுமினாவும் கயோலினும் கலந்த பவுடர். கயோலின் வேறொன்றுமில்லை, கொல்லம் குண்டறையில் கிடைக்கிற வெள்ளைக் களிமண்தான். 800 டிகிரி செல்சியஸை ஒட்டி, துண்டுகளை முழுதாக உருக்கிச் சேர்க்கும் ஃபுல் ஃப்யூஸ் ஒருமுறை முடிந்தாலே அதன் குணம் மாறிவிடும். அதே பூச்சில் மறுபடி சுட்டால் கண்ணாடியின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். பெயின்ட் ஸ்கிரேப்பர் எடுங்கள், பழையதை முழுக்க நீக்குங்கள். கண்ணாடியை அச்சில் வளைக்கும் 650 டிகிரி ஸ்லம்பிங்குக்கு இந்தக் கெடுபிடி வேண்டாம், பூச்சு பலமுறை தாங்கும். இந்த வித்தியாசம் தெரிந்தவர் முதலாளிக்குப் பவுடரையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கிறார்.

2. சுரண்டும்போது தூசி பறக்கும், என்95 மாஸ்க் கட்டாயம். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணி போதும். மாஸ்க் இல்லாமல் தேய்ப்பது வீரமல்ல, நுரையீரலுக்குக் கேடு.

3. பூச்சு. ஒரு பங்கு பவுடர், ஐந்து பங்கு தண்ணீர். பவுடர் அடியில் தங்கும். பிரஷை முக்கும் ஒவ்வொரு முறையும் கலக்குங்கள். மெல்லிய பூச்சாக நாலைந்து, ஒவ்வொன்றும் வேறு திசையில். பிரஷ் கோடு விழுந்தால் அப்படியே கண்ணாடியில் பதியும். தட்டைத் திருப்பிப் பார்க்காத கஸ்டமர் கிடையாது! ஷெல்ஃபின் அடிப்பக்கம் பூசாதீர்கள். உதிர்ந்து கீழ் ஷெல்ஃபிலுள்ள கண்ணாடியில் விழும்.

4. உலர்த்துதல். இங்கேதான் நம்மூர் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இடுக்கிப் பக்கம் காற்றே ஈரம். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அது ஆவியாகி கண்ணாடிக்கு அடியில் குமிழாக எழும்பும். காலி ஷெல்ஃபை மெதுவாக 250 டிகிரி வரை சூடேற்றி இருபது நிமிடம் பிடித்து வையுங்கள்.

5. ஷெல்ஃபைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் விரிசல். மேலே ஸ்கேலை நிறுத்தி வளைவையும் பாருங்கள்.

ஷெல்ஃபுக்கு நம்பர் போட்டு, தேதியும் சூடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழி உங்கள் மேல் வரும்போது அதுதான் சாட்சி. சம்பளப் பேச்சு வரும் நாளில் அந்த நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். முதல் தொகையை முதலாளி சொல்லட்டும்.