சில்லு பெயர்ந்த போர்சலின் கிரவுன்: கழற்றாமல் வாயிலேயே சரிசெய்ய

மேல் முன்பல் கிரவுனில் போர்சலின் பெயர்ந்து, உள்ளே இருக்கும் மெட்டல் தெரிய நோயாளி வருகிறார். கிரவுன் ஆட்டம் காணவில்லை, ஓரமும் நன்றாக இருக்கிறது என்றால் அதை அறுத்து எடுக்கத் தேவையில்லை. காம்போசிட் வைத்தே சரிசெய்யலாம். ஆனால் இப்படி வைத்தவை பல, சில மாதங்களில் முழுசாகக் கழன்று கையோடு வந்துவிடுகின்றன. பழி காம்போசிட் மேல் விழுகிறது. பெரும்பாலும் தவறு நடப்பது எச்சிங் முடிந்து பாண்டிங் போடுவதற்கு இடைப்பட்ட சில நிமிடங்களில்தான்.

ரப்பர் டேம் போடும் முன் இரண்டு வேலை. ஷேடு பார்த்துவிடுங்கள், பக்கத்துப் பற்கள் உலர்ந்தால் வெளுத்துப் போகும். கடியையும் பாருங்கள், முன்னுக்கும் பக்கவாட்டிலும் தாடையை நகர்த்தச் சொல்லி. போர்சலினை உடைத்த அதே கடி காம்போசிட்டையும் உடைக்கும்.

அடுத்து, பொருள் எது என்று தெரிய வேண்டும். மெட்டல் தெரிந்தால் மேலே இருப்பது ஃபெல்ட்ஸ்பார் போர்சலின். நாம் பேசுவது இதைத்தான். லித்தியம் டைசிலிகேட் என்றால் முறை இதே, ஆசிட்டின் செறிவும் நேரமும் மட்டும் குறைவு. ஜிர்கோனியா முற்றிலும் வேறு; கடைசியில் சொல்கிறேன்.

ரப்பர் டேம் இல்லாமல் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்டை வாய்க்குள் கொண்டுபோகாதீர்கள். இதில் விதிவிலக்கே கிடையாது. அது ஈறில் பட்ட உடனே எரிய வேண்டும் என்பதில்லை. வலி தெரியும் முன்பே திசுவுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். டேமின் ஓரத்தில் ஒளியில் இறுகும் தடுப்பு ரெசினும் வையுங்கள். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் மேசையில் தயாராக இருக்கட்டும்.

டைமண்ட் பர்ரால் கிளேஸை எடுத்து, உடைந்த விளிம்பைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சரிவு கொடுங்கள். 50 மைக்ரான் அலுமினாவால் மெட்டலையும் போர்சலினையும் சொரசொரப்பாக்குங்கள். பிறகு போர்சலின் மேல் மட்டும் 9 முதல் 10 சதவீத ஆசிட் ஜெல், 60 முதல் 90 விநாடி. லித்தியம் டைசிலிகேட்டுக்கு 5 சதவீதத்தில் 20 விநாடி போதும். கூட வைத்தால் பிடிப்பு கூடாது, பொருள்தான் பலவீனமாகும். சக்‌ஷனைப் பக்கத்திலேயே பிடித்து நன்றாகக் கழுவுங்கள்.

இப்போது உலர்த்திப் பார்த்தால் மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இருக்கும். எச்சிங் பிரமாதம் என்று நேரே சைலேன் பாட்டிலை எடுப்பார்கள். பொறுங்கள். அந்த வெள்ளையில் ஒரு பகுதி, ஆசிட் கண்ணாடிப் பகுதியைக் கரைத்தபோது உண்டான உப்பு. ஆசிட் திறந்துவிட்ட நுண்துளைகளிலேயே அது படிந்து கிடக்கிறது. தண்ணீர் அடித்தால் மட்டும் முழுக்கப் போகாது. லேபில் என்றால் அல்ட்ராசானிக்கில் போடலாம், வாயில் இருக்கும் கிரவுனை என்ன செய்வது? 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட்டை வைத்து மைக்ரோ பிரஷ்ஷால் ஒரு நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். அது போர்சலினை அரிக்காது, எச்சத்தை மட்டும் அகற்றும். மறுபடி உலர்த்தினால் திட்டுத்திட்டான மாவு போய், பளபளப்பில்லாத சீரான வெண்மை தெரிய வேண்டும். தெரியவில்லையா, திரும்பத் தேயுங்கள்.

காற்றையும் சோதியுங்கள். சிரிஞ்சிலிருந்து வரும் காற்றை வாய்க்கண்ணாடி மேல் ஊதிப் பாருங்கள். ஈரமோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் இவ்வளவு நேரம் செய்தது வீண்.

சைலேன் ஒரு பக்கம் போர்சலினிலுள்ள சிலிக்காவோடும் மறுபக்கம் ரெசினோடும் பிணையும். அதனால் மெல்லிய ஒரே பூச்சு போதும். தாராளமாகப் பூசினால் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே பிணைந்து கனமான ஒரு படலமாகிவிடும். அந்தப் படலத்திலேதான் பிளவு விழும். ஒரு நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான காற்றால் முழுக்க உலர்த்துங்கள். ஆல்கஹாலும் நீரும் வெளியேற வேண்டும். ஒற்றை பாட்டில் சைலேன் கலங்கியிருந்தால் குப்பையில் போடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு கேஸ்தான் வரும் கிளினிக்குக்கு, தேவைப்படும்போது கலந்துகொள்ளும் இரண்டு பாட்டில் வகையே நல்லது. யுனிவர்சல் பாண்டிலேயே சைலேன் இருக்கிறதே என்பார்கள். அந்த அமிலக் கரைசலில் அது நாள்பட நிலைத்திருக்காது. தனியாகவே பூசுங்கள்.

மெட்டல் மேல் எம்.டி.பி. உள்ள பிரைமர். அதன்மேல் கருமை மறையும் அளவுக்கு ஓபேக்கர், மெல்லிசாக. ஓபேக்கர் முன்பா பாண்ட் முன்பா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியிலுள்ள தாளைப் படியுங்கள். பாண்டைத் தேங்கவிடாமல் ஊதிப் பரப்பி லைட் காட்டுங்கள். பிறகு வழக்கமான காம்போசிட்தான், 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாத அடுக்குகளாக. நடுவில் எச்சில் பட்டுவிட்டால் துடைத்துவிட்டுத் தொடராதீர்கள். பாஸ்பாரிக் ஆசிட்டால் கழுவி சைலேனிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

ஜிர்கோனியாவில் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் கரைக்கக் கண்ணாடிப் பகுதி இல்லை. அலுமினாவால் அடித்து எம்.டி.பி. பிரைமர் போடுவதே வழி. அங்கே பாஸ்பாரிக் ஆசிட்டால் கழுவக் கூடாது: எம்.டி.பி. பிடிக்க வேண்டிய இடத்தை பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும். ஜிர்கோனியா மேல் பூசிய போர்சலின் மட்டும் பெயர்ந்திருந்தால் அந்தப் போர்சலினுக்கு மேலே சொன்ன முறை. இரண்டும் ஒரே உடைவில் தெரிந்தால் பாஸ்பாரிக் ஆசிட்டைப் போர்சலின் பக்கமே நிறுத்துங்கள். ஜிர்கோனியாவில் பட்டுவிட்டால் அந்த இடத்தை மறுபடி அலுமினாவால் அடித்துவிட்டு பிரைமர் போடுங்கள்.

டேமை எடுத்ததும் முன்பு பார்த்த எல்லா அசைவிலும் கடியை மறுபடி பாருங்கள். தாடையை முன்னே தள்ளும்போது அழுத்தமான புள்ளி காம்போசிட் மேல் விழக் கூடாது. இரவில் பல் கடிப்பவராக இருந்தால் நைட் கார்டு இல்லாமல் அனுப்பாதீர்கள். இது புதுக் கிரவுனுக்கு ஈடல்ல என்பதைக் கட்டணம் வாங்கும் முன்பே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். கேஸ் ஷீட்டில் எந்தப் பொருள், எந்த சைலேன், அதன் காலாவதித் தேதி மூன்றையும் எழுதிவையுங்கள். திரும்ப வந்தால் எங்கே தேடுவது என்று தெரியும்.