நீர்த்தாரை அடைப்பும் அதை விரிவாக்கும் சிகிச்சையும்

ஆலய ஆண்டு மலரில் இப்படியொரு விஷயமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இனிப்பு நீர், இரத்த அழுத்தம் பற்றியெல்லாம் அன்னதானப் பந்தியில் தாராளமாகப் பேசும் நம் ஆண்கள், சிறுநீர் சரிவரப் போகவில்லை என்பதை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. வழியில் சிரமமாகுமே என்று தைப்பூசத்தன்று தண்ணீர் குடிக்காமலே பத்துமலைக்கு வருபவர்களும் உண்டு.

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய்தான் நீர்த்தாரை. ஆண்களுக்கு அது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம். அதில் காயமோ கிருமியோ பட்டு ஆறும்போது தழும்பு உண்டாகி, வழி குறுகிவிடுகிறது. மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்பெலும்பு முறிவது, மேக நோய், முன்பு மருத்துவமனையில் குழாய் போட்டிருந்தது, புரோஸ்டேட் அறுவை ஆகியவை முக்கியக் காரணங்கள். விபத்து நடந்து பல ஆண்டுகள் கழித்தும் அடைப்பு தலைகாட்டும். ஆகவே, வயதானால் எல்லாம் புரோஸ்டேட்தான் என்று நாமே முடிவு கட்டுவது தவறு. இளைஞர்களுக்கும் இது வரும்.

நீர் நூலாக இறங்கும், இரண்டாகப் பிரியும், முக்கினால்தான் வரும், போன பின்னும் மிச்சம் இருப்பதாகத் தோன்றும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் முற்றிலும் அடைத்துக்கொள்ளும். தேங்கிய நீரின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களையும் கெடுக்கும்.

குறுகிய வழியைப் படிப்படியாக விரிக்கும் முறை நம் பாரதத்திற்குப் புதிதன்று. சுசுருத சம்ஹிதையின் சிகிச்சா ஸ்தானம் 20ஆம் அத்தியாயத்தில், இரும்பு, மரம் அல்லது அரக்கினால் செய்த, இருபுறமும் திறந்த குழலில் நெய் தடவிச் செலுத்தி, மூன்று நாட்களுக்கு ஒருமுறை சற்றே தடித்த குழலாக மாற்றும்படி கூறப்பட்டுள்ளது. சரியாகச் சொன்னால், அது முன்தோல் இறுகி நீர் தடைபடும் நோய்க்குச் சொன்னது. ஆயினும் தத்துவம் ஒன்றே.

இன்றைய மருத்துவர் மரத்துப்போகும் களிம்பைச் செலுத்தி, மெல்லிய கம்பியை வழிகாட்டியாக விட்டு, அதன்மேல் சிறியதிலிருந்து பெரியதாகக் குழல்களை ஏற்றுகிறார். சிலருக்குக் காற்றுப்பை போன்ற பலூன் பயன்படும். குழல்களின் எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் கணக்கு கிடைக்கும்: 18ஆம் எண் என்றால் 6 மில்லிமீட்டர் தடிப்பு. பாரீஸ் கருவி செய்பவர் ஷாரியேர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு இது. (கணக்கு வாத்தியார் புத்தி, விடுவதில்லை!) ஓரிரு நாள் எரிச்சலும் சிறிது இரத்தமும் வருவது வழக்கம். குளிருடன் காய்ச்சல் வந்தாலோ, நீர் நின்றுவிட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இங்குதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். விரித்த தழும்பு மீண்டும் சுருங்கக்கூடும். குறுகலான பகுதி சிறியதாக, முதல் முறையாக இருந்தால் விரிப்பது போதுமானதாக இருக்கலாம். திரும்பத் திரும்ப அடைத்தால், ஆண்டுதோறும் விரித்துக்கொண்டே இருக்காமல், கன்னத்தின் உட்தோலை எடுத்து நீர்த்தாரையைச் சீரமைக்கும் அறுவை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். பலருக்கு இது நீடித்த பலன் தருகிறது. நீளமான அடைப்புகளுக்கு ஒருபுறம் மட்டுமே பிரித்துச் செய்யும் முறையைப் புனேயின் டாக்டர் சஞ்சய் குல்கர்ணி, இத்தாலிய மருத்துவர்களுடன் இணைந்து 2009இல் வெளியிட்டார்.

சாலாக் செலாத்தான் வட்டாரத்து அன்பர்கள் முதலில் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குச் செல்லலாம். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கிருந்து கடிதம் பெற்று, கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையின் யூரோலஜி பிரிவுக்குப் போகலாம். அங்கே ஒரு கருவியில் சிறுநீர் கழிக்கச் சொல்லி வேகத்தை அளப்பார்கள். மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து அடைப்பின் நீளத்தைப் பார்ப்பார்கள். பழைய விபத்து, அறுவை, குழாய் போட்ட விவரங்கள் அடங்கிய தாள்களைத் தவறாமல் கையோடு கொண்டு செல்லுங்கள்.