உட்கருவும் நினைவகக் காப்பும்

மும்பை, பொவாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ‘அஜித்’ என்னும் 32-பிட் நுண்செயலி 2019-இல் அறிவிக்கப்பட்டது. தெருவிளக்கு, போக்குவரத்து விளக்கு போன்றவற்றை இயக்கும் கருவிகளில் பதிக்கப்படும் இத்தகைய செயலிகளுக்கு இயக்க முறைமையின் உட்கருவை அமைப்போர், நினைவக மேலாண்மை அலகு உளதா என்பதையே முதலில் அறிதல் வேண்டும்.

அலகு இருப்பின், உட்கரு ஒவ்வொரு நிரலுக்கும் தனி முகவரிவெளியை வகுத்து, எல்லை மீறும் நிரலை நிறுத்திவிடும். அஜித்தில் இவ்வசதி உண்டு. இல்லையெனில், எல்லா நிரல்களும் ஒரே வெளியில் இயங்கும். ஒன்றன் பிழை உட்கருவையே சிதைக்கக்கூடும்.

லினக்ஸ் உட்கருவைத் தொகுக்கும்போது, கருவிக்கு வேண்டாத இயக்கிகளையும் கோப்பு முறைகளையும் விலக்கினால் நினைவகம் மிச்சமாகும். சிக்கனத்தை அங்கே தேடுதலே முறை. அலகு இருந்தும் காப்பைக் கைவிட்டால், ஒரு நிரலின் பிழையால் நாற்சந்தியின் விளக்குகள் அனைத்துமே நின்றுபோகலாம்.